நாலு அவுட் போதும்

அந்த வருஷம் எங்கள் வீட்டுக் கதவு பாதிதான் திறக்கும். மீதிப் பாதிக்குப் பின்னால் என் கணவரின் பேஸ் பெட்டி என்கிற பெரிய ஸ்பீக்கர் நின்றது. ஆள் உயரத்தில் முக்கால்வாசி, கறுப்பு நிறம், முகத்தில் கம்பி வலை. கல்யாணமாகி வந்த புதிதில் அதே கதவு முழுதாகத் திறந்து சுவரில் முட்டியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்க்காதிருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

பெரகல சந்திக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசி அறை எங்களுடையது. கடைசி அறையைத் தொங்கல் காம்பரா என்பார்கள். முன்னால் திண்ணைபோல் ஒரு இஸ்தோப்பு, உள்ளே ஒரே காம்பரா, பின்னால் சமையலுக்குப் புகையடைந்த குசினி. அந்த ஒரே காம்பராவில்தான் கட்டில், அலுமாரி, சாமி படம், நாங்கள் இருவர். கூடவே இரண்டு பேஸ் பெட்டி, அவற்றின் தலையில் இரண்டு சின்னப் பெட்டி, சத்தத்தைப் பெருக்கும் அம்ப் அடுக்கிய இரும்புக் கூடு, பாம்புபோல் சுருட்டிய வயர்கள். இஸ்தோப்பில் வைத்தால் சாரல் அடித்துப் பெட்டி ஊதிவிடுமாம். மனுஷி சாரலில் நின்றால் ஊதமாட்டாள் போலிருக்கிறது.

சவுண்ட் செட் என் கணவருக்கும் என் அண்ணனுக்கும் சொந்தமான கூட்டுத் தொழில். அண்ணன் அதே லயத்தில் இரண்டு கதவு தள்ளி இருந்தார். அவருடைய காம்பராவில் ஏன் ஒரு பெட்டியாவது வைக்கக்கூடாது என்று நான் கேட்காத மாதம் இல்லை.

"எங்க வீட்டுல புள்ளைங்க இருக்குதுங்க தங்கச்சி. ஸ்பீக்கருக்குள்ள வெரல விட்டு ஓட்ட போட்டுருங்க. ஒங்க வீட்டுலதான் யாரும் இல்லையே" என்பார்.

அது நியாயமான பதில் என்று அவரும் நினைத்தார், என் கணவரும் நினைத்தார். பிறகு எனக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. இனி அந்தப் பதில் செல்லாது என்று நான் உள்ளூரக் கெக்கலித்தேன். ஆனால் மாதம் ஏற ஏற வளர்ந்தது என் வயிறு மட்டும்தான், கதவு அப்படியே இருந்தது. முதலில் நேராக நுழைந்தேன். பிறகு பக்கவாட்டில் நுழைந்தேன். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழையப் பழகினேன்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். மற்றப் பெண்கள் பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் பெட்டி கட்டிக்கொண்டு போவார்கள். அம்மா இறந்த பிறகு என் தாய் வீடு என்பது அண்ணனின் காம்பராதான். கோபித்துக்கொண்டு போனாலும் அங்கேதான், பிள்ளை பெறப் போனாலும் அங்கேதான். அங்கே அண்ணியும் மூன்று பிள்ளைகளும் ஒருவர்மேல் ஒருவராகப் படுத்திருந்தார்கள். இந்தக் கதவு இல்லாவிட்டால் அந்தக் கதவு, அதுவும் இதே கூரைக்குக் கீழே.

எனக்கு நிம்மதி கிடைத்ததெல்லாம் திருவிழா நாட்களில்தான். லொறி வந்து நிற்கும். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கதவைத் தாண்டும். அவர்கள் போனதும் நான் காம்பராவைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, நடுத்தரையில் பாயைப் போட்டுக் கை காலை அகல விரித்துப் படுப்பேன். பக்தியில் யாருக்கும் நான் இளைத்தவள் இல்லை. மாதத்துக்கு நான்கு திருவிழா வரட்டும் என்று வேண்டிக்கொண்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனால் செட் போனால் மட்டும் போதாது, நல்லபடியாகத் திரும்பவும் வேண்டும். எரிந்து வந்த பெட்டி வீட்டை விட்டு மறுபடி நகராது. கொழும்பிலிருந்து சாமான் வரும் வரை, பழுது பார்க்கிறவருக்கு மனம் வரும் வரை, அது காம்பராவிலேயே கிடக்கும். அப்போது ஸ்பீக்கர் எரிவது வாடிக்கையாகிவிட்டிருந்தது. காரணம் எங்கள் ஊர்க் காதுகள்தான். எங்கள் பக்கத்தில் பாட்டைக் காதால் கேட்பதில்லை, நெஞ்சால் கேட்பார்கள். பேஸ் வந்து நெஞ்சில் மோத வேண்டும். அதற்குப் பெயர் அடி. பாட்டு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கோயில் கமிட்டிக்காரர் வந்து, "தம்பி, அடி பத்தல" என்பார். பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து லயத்தில் கூரைத் தகரம் அதிராவிட்டால் நம் திருவிழா நடந்ததாகவே கணக்கில்லை. என் கணவர் கெட்டிக்காரர்தான், ஆனால் வாயைத் திறந்து 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவர். அண்ணன் அதைவிட மோசம். கமிட்டிக்காரர் கேட்பதற்கு முன்பே கூட்டிவைப்பார்.

அந்த வருஷம் மாரியம்மன் கோயிலிலிருந்து இரண்டு பேஸ் பெட்டியும் எரிந்து வந்தன. கருகிய வாடை காம்பரா முழுக்க நின்றது. எனக்கு அப்போது மசக்கை. வாந்தி எடுக்கக் குசினிப் பக்கம் ஓடினால் இடையில் வயர்ச் சுருள் காலைத் தடுக்கும். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில்தான் என் கணவர் முதன்முதலாகப் புரொசெசர் என்ற வார்த்தையைச் சொன்னார்.

"அது ஒன்னு வாங்கிட்டா ஸ்பீக்கர் எரியாது. எல்லாரும் இப்ப அதுதான் வச்சிருக்காங்க."

பாட்டையும் மைக்கையும் சேர்க்கிற மிக்சருக்கும் அம்ப்புக்கும் நடுவில் மாட்டுகிற சாமான் அது. பார்க்கத் தட்டையான இரும்புப் பெட்டி, ஒரு சின்னத் திரை, சில பித்தான்கள். பாட்டு உள்ளே வந்ததும் அதைப் பிரித்து, இடிக்கிற சத்தத்தைப் பெரிய பெட்டிக்கும் மெல்லிய சத்தத்தைச் சின்னப் பெட்டிக்கும் அனுப்பும். யாராவது அளவுக்கு மேல் ஏற்றினால் 'இதற்கு மேல் இல்லை' என்று பிடித்து நிறுத்தும். அந்தப் பிடிமானத்துக்கு லிமிட்டர் என்று பெயர். அதைப் படித்ததும் எனக்கு அந்த இரும்பின்மேல் மரியாதை வந்தது. எங்கள் குடும்பத்தில் 'முடியாது' என்று சொல்லத் தெரிந்த முதல் ஆம்பிளை அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

படித்தது நான்தான். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் பாட்டும் சொல்லிக்கொடுக்கிற வேலை எனக்கு. கைபேசியில் இங்கிலீசில் இருப்பதை வாசித்து அர்த்தம் சொல்ல எங்கள் லயத்தில் வேறு ஆள் இல்லை. பின்னேரங்களில் நான் கட்டிலில் சாய்ந்துகொண்டு வாசிப்பேன். கணவர் ஒரு பேஸ் பெட்டியின் மேலும் அண்ணன் மற்றதன் மேலும் உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு பக்கம் புருஷன், மறுபக்கம் அண்ணன், நடுவில் கால் நீட்ட இடமில்லாமல் நான்.

அப்போதுதான் என் கணவர் ஒரு வாக்குக் கொடுத்தார். பெரகல சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், கடைக்குப் பின்னால் ஒரு அறை தருவதாகச் சொல்லியிருந்தாராம். செட் எரியாமல் ஒழுங்காக ஓடினால் அவரே ஆர்டர் பிடித்துக் கொடுப்பாராம். "பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து டிவிசன் திருவிழா மட்டும் ஒழுங்கா முடியட்டும் புள்ள. பொக்ஸ் எல்லாம் பெரகலைக்குப் போயிரும். கொழந்த வர்றதுக்குள்ள காம்பராவ காலி பண்ணித் தாரேன்" என்றார்.

அதிலிருந்து எனக்குப் புரொசெசர் பைத்தியம் பிடித்தது. எந்த மாடலில் லிமிட்டர் நம்பகமானது, எதில் லொக், அதாவது பூட்டு, இருக்கிறது என்று தேடித் தேடி வாசித்தேன். பூட்டு என்றால் சாவி போடுகிற பூட்டு இல்லை. நாலு இலக்கம் போட்டுப் பூட்டிவிட்டால் அந்த இலக்கம் தெரியாத யாரும் உள்ளே கைவைக்க முடியாது. லிமிட்டர் இருந்தும் அதைத் தளர்த்துகிற கை பக்கத்திலேயே இருந்தால் என்ன பிரயோசனம்? அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியும். இரண்டு கையும் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தன.

சண்டை வந்தது அவுட்டில். சில மாடலில் இரண்டு இன், நாலு அவுட். சிலதில் இரண்டு இன், ஆறு அவுட். பாட்டு நுழைகிற வழி இரண்டு, வெளியே போகிற வழி நாலு அல்லது ஆறு. எங்களிடம் இருந்த பெட்டிகள் நாலு. நாலு அவுட் தாராளம்.

"ஆறே எடுப்போம் மச்சான்" என்றார் அண்ணன். "நாளைக்கு எல்ல டவுன்ல ஹோட்டல்காரங்க கூப்புட்டா? வெள்ளைக்காரங்க ஆட்டத்துக்கு நாலு பொக்ஸ் பத்துமா?"

"ரெண்டு கூட இருந்தா நல்லதுதானே" என்றார் கணவர்.

எனக்கு இவர்களைத் தெரியும். பின்பக்கத்தில் இரண்டு ஓட்டை சும்மா இருப்பதைப் பார்த்துக்கொண்டு இவர்களால் தூங்க முடியாது. ஒரு வருஷத்துக்குள் அந்த ஓட்டைக்கென்று இரண்டு பெட்டி வந்துவிடும். அவை வந்து எங்கே நிற்கும் என்று கேட்கத் தேவையில்லை. "அதுக்கு ஆறு அவுட் இருக்கு. எனக்கு இருக்கிற அவுட் ஒன்னே ஒன்னு. அதுலயும் பாதிதான் தொறக்குது" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

பதுளைக்கு ஸ்கேன் எடுக்கப் போன அன்றே கடைக்கும் போவதென்று முடிவானது. அண்ணனும் வந்தார். பஸ்ஸில் நெரிசல், ஆனாலும் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். ஸ்கேன் அறையில் டொக்டரம்மா திரையைக் காட்டினார். கறுப்பு வெள்ளையில் ஒன்று அசைந்தது. அதுவும் கால் நீட்ட இடமில்லாமல்தான் மடங்கியிருந்தது. பிள்ளை பிறக்கும் என்று எதிர்பார்க்கிற தேதியைச் சொன்னார். நான் வெளியே வந்து, நடைபாதையில் நின்ற கணவரிடம் அந்தத் தேதியைச் சொன்னேன்.

"ஆ, நல்லது நல்லது" என்றார். கையில் கைபேசி இருந்தது. அதில் ஒரு ஆள் ஒரு புரொசெசரின் மூடியைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தான்.

பசாரில் அந்தக் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அங்கேயும் பெட்டிகள், அங்கேயும் பக்கவாட்டில்தான் நுழைந்தேன். பழுது பார்க்கிற சிங்கள அண்ணர் ஒருவர் எனக்கு ஒரு ஸ்டூல் இழுத்துப் போட்டார். மேசையில் இரண்டு புரொசெசர் இருந்தன. ஒன்று ஆறு அவுட், கைபேசியாலேயே இயக்கலாம். மற்றது நாலு அவுட், முன்பக்கத்துப் பித்தான் மட்டும்தான்.

அண்ணனின் கை கைபேசியில் இயங்குகிறதையே தடவிக்கொண்டிருந்தது.

"அண்ணே, போன்ல வேலை செஞ்சா, போன் வச்சிருக்கிற எல்லாப் பொடியன்களும் உள்ள பூந்துருவாங்க" என்றேன்.

"நாளைக்கு யோசிக்கணும் தங்கச்சி."

"நாளைக்கு வர்ற பொக்ஸ எங்க வைப்பீங்க? என் தல மேலயா?"

சிங்கள அண்ணருக்குத் தமிழ் நன்றாகப் புரிந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எத்தனை பெட்டி, என்ன அம்ப் என்று கேட்டுவிட்டு, "நாலு அவுட் போதும் மல்லி" என்று அண்ணனைத் தம்பி முறையில் அழைத்துச் சொன்னார். ஒரு பழைய ஸ்பீக்கரில் மாட்டி, சத்தத்தை முழுக்க ஏற்றிக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது, ஸ்பீக்கர் கதறவில்லை. ஒரு அளவில் அப்படியே நின்றது. எனக்கு அந்தச் சிவப்பு விளக்கைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

எங்கள் அம்ப்புக்கு ஏற்ற மாதிரி எல்லாவற்றையும் அங்கேயே அமைத்துக் கொடுத்தார். கடைசியில் திரையை என் பக்கம் திருப்பி, "நங்கி, நாலு நம்பர் போடுங்க. மறக்காத நம்பர்" என்று எனக்கும் தங்கை முறை வைத்தார்.

கணவரும் அண்ணனும் திரும்பிக்கொண்டார்கள். அது அவர்களாகவே ஒத்துக்கொண்ட விஷயம். நம்பர் தெரிந்தால் கமிட்டிக்காரர் முன்னால் தாங்களே திறந்துவிடுவோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் யோசிக்கவே இல்லை. சற்று முன்பு டொக்டரம்மா சொன்ன தேதியைப் போட்டேன். நாளுக்கு இரண்டு இலக்கம், மாதத்துக்கு இரண்டு இலக்கம். திரும்பும்போது பஸ்ஸில் புரொசெசரை என் மடியில்தான் வைத்தார்கள். வயிற்றுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் அது சரியாகப் பொருந்தியது.

திருவிழா அன்று, பழுது பார்த்து முடித்திருந்த பெட்டிகள் போயின. மலை ஏறக்கூடாது என்று தோட்டத்து மருத்துவச்சி மிஸ்ஸி சொல்லியிருந்ததால் நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து பாட்டு வந்தது. அவ்வளவு தெளிவாக எங்கள் செட் பாடி நான் கேட்டதே இல்லை. நாதஸ்வரம் தனியாக, தவில் தனியாக, பாடுகிறவரின் மூச்சு தனியாக. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கைபேசி அடித்தது.

"அடி பத்தலைங்கிறாங்க புள்ள" என்றார் கணவர்.

"நல்லாத்தானே கேக்குது. எனக்கே கேக்குது."

"கமிட்டித் தலைவரு பக்கத்துலயே நிக்கிறாரு. நம்பர சொல்லு."

"முடியாதுங்க."

எவ்வளவு இலேசான வார்த்தை! கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தார். தன்னுடைய பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தாராம், இல்லையாம். என்னுடையதைப் போட்டாராம், எங்கள் கல்யாண நாளைப் போட்டாராம். அண்ணன் தான் முன்னம் வைத்திருந்த வேனின் நம்பரைப் போட்டாராம். "ஒங்க நம்பர எதுக்கு அண்ணே நான் போடப் போறேன்?" என்று கேட்டேன். பின்னால் அண்ணன் ஏதோ முனகினார். பாட்டு அதே அளவில் ஓடியது. சாயங்காலம் தேர் இறங்கும் வரை ஒரு தரமும் கரகரக்கவில்லை.

மறுநாள் லொறி வந்தது. பெட்டிகள் சேதமில்லாமல் இறங்கின. கமிட்டித் தலைவரே புகழ்ந்தாராம். அடி கொஞ்சம் குறைவுதான், ஆனால் பேச்சு ஒவ்வொரு எழுத்தும் கேட்டதாம். பக்கத்துத் தோட்டத்து மாதா கோயில் திருநாளுக்கும் சொல்லிவிட்டார்களாம். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "அப்ப எப்ப பெரகலைக்குக் கொண்டுபோறீங்க?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது இல்ல தங்கச்சி" என்றார் அண்ணன். "கடைக்காரர்கிட்ட வச்சா அவரு கண்டவனுக்கும் தூக்கிக் குடுத்துருவாரு. இப்ப செட்டுக்கு ஒரு பேரு வந்திருக்கு. நம்பர் ஒங்கிட்ட இருக்கு. சாமானும் ஒங்கிட்டயே இருக்கட்டும். அதுதான் பாதுகாப்பு."

"நம்பர சொல்லிர்றேன். எடுத்துக்கிட்டுப் போங்க."

"சொன்னா நாங்களே தொறந்துருவோமே! எங்களப் பத்தி ஒனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார்.

தெரியும். அதுதான் வினை. நம்பரைச் சொன்னால் பெட்டி எரியும், எரிந்தால் நகராது. சொல்லாவிட்டால் எரியாது, எரியாத பெட்டிக்குக் காவல் வேண்டும், காவலுக்கு நான். பூட்டு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். என்னையும் உள்ளே வைத்துத்தான் பூட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பேஸ் பெட்டி பழைய இடத்தில், கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

அண்ணன் போன பிறகு கணவர் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "எனக்கு மட்டும் சொல்லேன். மச்சான்கிட்ட சொல்லமாட்டேன். எல்லாத்தையும் போட்டுப் பார்த்துட்டேன்" என்றார்.

"எல்லாத்தையும் போடல."

"வேற என்ன தேதி இருக்கு?"

"பதுளையில ஸ்கேன் எடுத்தப்ப டொக்டரம்மா ஒரு தேதி சொன்னாங்க. வெளிய வந்து ஒங்ககிட்ட சொன்னேன்."

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. பிறகு அந்த வெளிச்சம் எங்கேயோ தேடப் போனது. நெற்றியைச் சொறிந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"எத்தனாந் தேதி?"

எனக்கு அழுகைதான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். எழுந்தேன், செருப்பைக் கூடப் போடவில்லை, வேகமாக வெளியே போகப் பார்த்தேன். கதவின் அந்தப் பாதிக்குள் வயிறு சிக்கிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. முதுகில் கதவின் விளிம்பு அழுத்தியது, அதற்குப் பின்னால் பேஸ் பெட்டி அசையாமல் நின்றது. கோபித்துக்கொண்டு போவதற்குக்கூட அவர் வந்து பெட்டியை நகர்த்த வேண்டியிருந்தது. அப்படிப் போனாலும் இரண்டு கதவு தள்ளித்தான் போயிருப்பேன்.

அவர் பதறிப்போய்ப் பெட்டியை இழுத்தார். என் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, இஸ்தோப்பில் உட்காரவைத்தார். தண்ணீர் கொண்டுவந்தார். பாவம்தான். நான் பாதி குடித்துவிட்டுத் தேதியைச் சொன்னேன்.

"இனி மறக்கமாட்டேன்" என்று கைபேசியை எடுத்து அங்கேயே குறித்துக்கொண்டார். அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அந்த இலக்கத்துக்கு அவர் வைத்த பெயர் 'புரொசெசர் லொக்'.